பதினாலு மாத மறியல்

“பதினாலு மாதம் ரோட்டில குந்திக்கொண்டு இருந்தவராம். மழை, வெயில் ஒண்டும் பாக்கேல்லையாமோ? வாசிச்சுச் சொல்லுங்கோ.”

மனோகரி முதல் விசாரணையின் தட்டச்சுத் தாளை அந்த மெட்ராஸ்கார மொழிபெயர்ப்பாளரின் மூக்குக்கு நேரே பிடித்தாள். மொன்றியலில் அகதி விசாரணை நடக்கும் கட்டடம், ஏழாம் மாடி, காலை ஒன்பது மணி. அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

“எங்க ஊர்ல மறியல்னா ரோட்டை மறிச்சு உட்கார்றதும்மா. அவரு ‘பதினாலு மாதம் மறியல்ல இருந்தனான்’னாரு. நானும் அப்படியே சொன்னேன். ஜெயில்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?”

“எங்கட ஊரில மறியல் எண்டால் சிறை. கம்பிக்கூடு. பால்குடிக்கும் தெரியும். தமிழ் படிச்ச உங்களுக்குத்தான் தெரியேல்லை.”

பக்கத்து வாங்கில் சிவானந்தம் தலையைக் குனிந்து, கம்பளித் தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தார். டோர்வல் விமான நிலையத்தில் தரை துடைக்கிறவர். ரோட்டில் குந்தியவருக்கு ஊரில் என்ன ஆபத்து, திருப்பி அனுப்பு என்று முதல் விசாரணையில் எழுதிவிட்டார்கள். இன்றைக்கு மறுவிசாரணை. இதிலும் தவறினால் விமானம்தான்.

சிவானந்தம் சொன்னது என்னவோ ஒற்றை வசனம். மாணவர் ஊர்வலத்துக்குப் பிறகு பதினாலு மாதம் மறியலில் இருந்தனான் என்றார், வாயை மூடிக்கொண்டார். மிச்சத்தை அவர் குடியிருந்த கட்டடத்தின் சனம் உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்று எழுதி முடித்தது.

அவருக்கு விழுந்த அடிகளை அயல்வீட்டு அருளம்மா விரல்விட்டு எண்ணினாள். “அதைப்பற்றி மட்டும் மனிசன் வாயே திறக்காது. அவ்வளவு அடக்கம்” என்று நற்சான்றும் கொடுத்தாள். ஒரேயொரு நாள், “விடிய ஐஞ்சுக்குத் தலை எண்ணி முடிச்சாத்தான் தேத்தண்ணி” என்று அவர் சொல்லப்போக, நாலு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மனோகரி கதைக்க வந்தால் மட்டும் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிவிடுவார். கூச்சமாம்.

மனோகரி மூக்கைச் சிந்தவில்லை. அவளுக்குக் கோபம்தான் வரும். மூன்று வருஷமாக வேறொன்றும் வருவதில்லை.

ஊரில் அவள் உயர்தர வகுப்பு. பள்ளிக்கூட மைதானத்தில் ஆமி முகாம் போட்டதும், மாணவர்கள் வகுப்பைப் பகிஷ்கரித்து ஊர்வலம் போனார்கள். அவளும் தம்பி இரவிச்சந்திரனும் ஒரு பதாகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஆமி தம்பியின் பக்கத்தால் வந்தது.

பதினேழு வயதுப் பெடியனை ஊர் மறியலில் போட்டார்கள். ஒரு மத்தியானம் ஆமிக்காரர் அங்கே வந்து, ஒரு துண்டுக் கடதாசிகூடக் காட்டாமல், அவனைக் கூட்டிலிருந்து கொண்டுபோனார்கள். நாலாம் நாள் ஆணி அடித்த சவப்பெட்டி வீட்டுக்கு வந்தது. காய்ச்சலாம். திறக்கக் கூடாதாம்.

ஆமி கேட்டது சரி, பூட்டில் திறப்பைப் போட்டுக் கூட்டைத் திறந்து கொடுத்தவன் ஆர்? இந்தக் கேள்வியோடுதான் மனோகரி மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். தம்பி இருந்த அதே மறியலில் இருந்த மனிசன் அதே கட்டடத்தில் குடியிருக்கிறார் என்று அறிந்ததும், அவருக்காக லவால் வரை வீடு வீடாக ஏறி முந்நூறு கையெழுத்து வாங்கினாள். வயசுப் பெட்டைக்குத் தனிக்கட்டை மனிசனில் என்ன இவ்வளவு அக்கறை என்று ரொக்ஸ்பரோ வரை கதை போனது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

“சரிம்மா, சிறைன்னு திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றார் மெட்ராஸ்காரர். “இனிமே உங்காளுங்க ‘வணக்கம்’னு சொன்னாக்கூட அர்த்தம் கேட்டுட்டுத்தான் மறுவேலை.”

கதவைத் திறந்த வெள்ளைக்காரி ஐந்து விரலைக் காட்டி, “சாங்க் மினூத், மதாம்” என்றாள். மனோகரி போய்ச் சிவானந்தத்துக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“அண்ணை, பயப்பிடாதேங்கோ. நீங்களும் என்ர தம்பியும் ஒரே மறியலில இருந்தனீங்கள் எண்டு நான் உள்ளுக்கு வந்து சத்தியம் பண்ணப்போறன்.”

“வேண்டாம் தங்கச்சி. சத்தியமெல்லாம் என்னத்துக்கு.”

“ஏன் வேண்டாம்? திருப்பி அனுப்பினால் உங்களை விமானத்தடியிலயே பிடிச்சுக்கொண்டு போவாங்கள். வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதுக்கோ நாங்கள் அண்டைக்கு ஊர்வலம் போனனாங்கள்?”

அவர் தொப்பியால் முகத்தைத் துடைத்தார். வெளியே மாசி மாதத்துப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு வேர்த்தது.

“நீங்கள் சத்தியம் பண்ணப்படாது” என்றார் மறுபடியும். “தம்பியின்ர பேரில பண்ணவே கூடாது.”

“அவன்ர பேரிலதான் பண்ணுவன். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ, அண்ணை.” மனோகரியின் குரல் இறங்கியது. “அண்டைக்கு நீங்கள் கம்பிக்குள்ளால பாத்திருப்பியள். ஆமி வந்து நிக்க, தம்பியின்ர கூட்டை ஆர் திறந்துவிட்டது? அந்த நாயின்ர பேர் எனக்கு வேணும். எந்த நாட்டில ஒளிச்சிருந்தாலும் விடமாட்டன்.”

கதவு மறுபடி திறந்தது. சிவானந்தத்தின் பெயரைக் கடித்துக் குதறிக் கூப்பிட்டார்கள். அவர் எழும்பவில்லை.

“திறப்புக்கோர்வை என்ர இடுப்பிலதான் கிடந்தது, தங்கச்சி.”