மஸ்கட்டுக்குப் பக்கத்தில்

"மாப்பிள்ளை எதையோ மறைக்காரு" என்றார் ஐயம்பெருமாள்.

மேஜையில் உலகப்படம் விரிந்து கிடந்தது. அதில் ஓமன் இருந்தது, மஸ்கட் இருந்தது. பர்கா இல்லை.

"படத்துல இல்லைன்னா ஊரே இல்லையா? நம்ம களக்காடுகூடத்தான் அதுல இருக்காது" என்றாள் மனைவி பிரம்மநாயகி.

"களக்காட்டுல பொண்டாட்டியக் குடிவெச்சிட்டு எவனாவது திருநெல்வேலியில வேலை பாப்பானா?"

ஐயம்பெருமாள் ஓய்வுபெற்ற சார்பதிவாளர். நான்கு எல்லையும் சரியாக இல்லாத எந்தச் சொத்தையும் அவர் பதிவு செய்ததில்லை. மருமகன் சுந்தருக்கு மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் மகள் அனுராதாவுக்குக் குடும்ப விசா அனுப்பியிருந்தான். வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும்.

"மக மஸ்கட் போறா" என்று ரத வீதி முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, வீடு மஸ்கட்டில் இல்லையாம். ஒரு மணி நேரம் தள்ளி, பர்கா என்ற ஊரிலாம்.

"அங்க வாடகை கம்மிப்பா" என்றாள் அனுராதா.

"கம்பெனியே மஸ்கட்டுக்குள்ள ஓசியில வீடு தருதுன்னு அவர்தானே சொன்னாரு? ஓசியைவிடக் கம்மி எங்கன இருக்கு?"

அனுராதா கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் அந்த ஊர்தான் பிடிச்சிருக்கு."

"ஏட்டி, பாக்காத ஊரு எப்படிப் பிடிக்கும்?"

அவள் உலகப்படத்தை மடிக்க ஆரம்பித்தாள்.

ஐயம்பெருமாள் டெலிபோன் பூத்துக்குப் போய் மஸ்கட்டுக்கே பேசினார். "பர்காவில காத்து நல்லா இருக்கும் மாமா" என்றான் சுந்தர். அடுத்த கேள்விக்குள் லைன் போய்விட்டது.

மகள் வாடகை என்கிறாள், மருமகன் காற்று என்கிறான். ஒரே விஷயத்துக்கு இரண்டு வாக்குமூலம். இலவச வீட்டை விட்டுவிட்டு, தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று ஒருவன் ரோட்டில் கிடக்கிறான் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா? கடனா? குடியா? அல்லது, பெண்ணைப் பெற்றவன் வாயால் சொல்லக் கூசுகிற அந்த மூன்றாவது காரணமா?

"எனக்கு விளங்குத வரைக்கும் டிக்கெட்டு அங்கனயே கிடக்கட்டும். நான் பொண்ண அனுப்ப மாட்டேன்" என்றார்.

அனுராதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பாவா வந்தார். காயல்பட்டினத்துக்காரர், ஓமனில் சுந்தருக்குச் சிநேகிதர். விடுமுறைக்கு வந்தவர், சுந்தர் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தைச் சேர்க்க வந்திருந்தார். ஐயம்பெருமாள் அவரைக் காப்பிகூடக் குடிக்க விடவில்லை.

"பாவா, அந்தப் பர்கா வீட்ட நீங்க பாத்திருக்கியளா?"

"பாத்துக் கொடுத்ததே நான்தான் அண்ணாச்சி. பழைய அரபு வீடு. முன்னால ஒரு வாசல். பக்கவாட்டுல விருந்தாளிக்குன்னு தனி வாசல், தனி அறை."

"அந்த அறையில யாரு இருக்கா?"

"இப்ப யாரும் இல்ல. ஆனா உங்க மருமகன் அதை ஒட்டி ஒரு சமையல்கட்டு கட்ட வெச்சிருக்காரு. தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தண்ணிப் பானைகூடத் தனி."

ஐயம்பெருமாளுக்கு மூன்றாவது காரணம் உறுதியாகிவிட்டது.

"ஒரு வீட்டுல ரெண்டு அடுப்பு! கேட்டியா பிரம்மு?" பாவா பக்கம் திரும்பினார். "ரெண்டாவது அடுப்பு யாருக்கு பாவா? என்கிட்ட மறைக்காதிய."

"நானும் அதைத்தான் கேட்டேன் அண்ணாச்சி. அவரு சொன்னது எனக்கு விளங்கல. 'அந்தப் பக்கம் என் வீடு இல்ல பாவா. எங்க மாமாவுக்கும் அத்தைக்கும் மாசம் ஒரு ரூபா வாடகைக்கு விட்டிருக்கேன்'னாரு."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். அரிசி பருப்பு நீங்களே கொண்டாந்துரணுமாம், உங்க அடுப்புல நீங்களே பொங்கிக்கிடணுமாம். மஸ்கட் ஃப்ளாட்டுன்னா ஒரே அடுப்பு, அங்க வந்தா நீங்க பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டியளாமே. நெசமா?"

"நெசந்தான். பொண்ணுக்கு ஒரு பிள்ளை பிறக்குத வரைக்கும் அவ வீட்டுல நாங்க கை நனைக்க மாட்டோம். எங்க பக்கத்து வழக்கம்."

"அப்ப சரிதான்" என்று பாவா காப்பியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அவர் தெரு திரும்புவதற்குள் ஐயம்பெருமாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று காரணங்களும் ஒரே மூச்சில் ஒழிந்துபோன நிம்மதி.

"வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டிய ஆளு! ஒரு ரூபா வாடகையாம்லா! அனு, பெட்டியக் கட்டு. நான் ஒரு கூறு கெட்டவன், என்னென்னமோ நெனச்சிட்டேன்."

அனுராதா கதவருகில் வந்து நின்றாள்.

"ஆனா உன் மாப்பிள்ளைக்கும் அவசரம் சாஸ்திட்டி. ஒரு பேரனோ பேத்தியோ பிறந்தா, கூப்பிடாமலே நாங்க ஓடி வந்திர மாட்டோமா? அதுவரைக்கும் பைய இருக்கக் கூடாதா? அதுக்குப்போயி ஓசி வீட்ட விட்டுட்டு, தினமும் ரோட்டுல கெடந்து சாவணுமா?"

பிரம்மநாயகியும் சிரித்தாள். அனுராதா சிரிக்கவில்லை.

"பிள்ளை பிறக்காதுன்னு போன லீவுலயே டாக்டர் சொல்லிட்டாருப்பா" என்றாள். "அதுக்குப் பொறவுதான் அவுக கம்பெனி வீட்ட வேண்டாம்னாவ."