நெய்னார் அடைச்ச வேலி

ரஸாக்கை அடக்கிட்டு வந்த அதே கிழமை, பக்கத்து ஊட்டு நெய்னார் வேலியை உசத்தத் தொடங்கிட்டார்.

மர்ஷூதாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. வராம இருக்குமா? மனுசன் ரஸாக்கைப் பறிகொடுத்த தங்கச்சி றைஸாவுக்குத் துணையா இருப்பமெண்டு, புத்தளம் டவுனில இருந்து மாம்புரிக்கு வந்தவ. வந்து பார்த்தா இந்தக் கூத்து.

சண்டை இண்டைக்கு நேத்தைக்கு வந்ததில்ல. ரெண்டு ஊட்டுக்கும் நடுவில இடுப்பளவு வேலி. அதை ஆளுயரத்துக்குத் தென்னோலைக் கிடுகு வச்சு அடைப்பமெண்டு ரஸாக் ஒருக்காக் கேட்டார். அதுக்கு, எங்கட ஊட்டுக்கு வார காத்தை மறிக்கப் பாக்கிறியா எண்டு நெய்னார் ஊரைக் கூட்டினார். அதோட கதை நிண்டு போச்சு. பள்ளியில தோளோட தோள் உரசி நிண்டு தொழுவாங்க. வெளிய வந்தா இவர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒரு ஸலாம் கிடையாது.

"அவர் உசிரோட இருக்கேக்க வேணாமெண்ட வேலி, மவுத்தானதும் வேணுமாம். நம்மட மூஞ்சில முழிக்கக் கூடாதாம் துரைக்கு."

மர்ஷூதாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசு நல்லம்தான், ஆனா எப்பவும் வாய்தான் முந்திக்கொண்டு வரும்.

றைஸாட கண் ஜன்னலுக்கு வெளிய, நாத்து மேடையில இருந்தது.

புள்ள குட்டி இல்லாத அவவுக்கு அந்த ஊட்டுத்தோட்டந்தான் எல்லாம். கடைசியா புருசனும் பொஞ்சாதியுமாச் சேர்ந்து விதைச்ச கொச்சிக்கா மிளகாய் நாத்து, சாண் உயரம் வந்து, புடுங்கி நடு எண்டு நிக்குது. சோளகக் காத்தும் அடங்கிப் போச்சு. இனி வாடை புடிக்கும், மாரி மழை கொட்டும். அதுக்கு முந்தி நட்டு வேர் புடிக்க வைக்கல்லயோ, மேடையிலேயே கெடந்து அழுகும். றைஸாவோ இத்தா இருக்கிறா. புருசன் மவுத்தானவ, நாலு மாசமும் பத்து நாளும் அந்நிய ஆம்புள கண்ணில படாம ஊட்டுக்குள்ளேயே இருக்க வேணும்.

கூலிக்கு ஆள் பிடிப்பமெண்டு மர்ஷூதா சொன்னா. றைஸா கேட்கல்ல.

"அவரோட சேந்து போட்ட விதை ராத்தா. வேற ஆள்ட கை பட வேணாம்."

அப்ப நானே நடுறன் எண்டு மர்ஷூதா இறங்கினா. டவுனில பிளாஸ்டிக் பூவுக்குத் தூசி தட்டினதைத் தவிர தோட்ட வேலை என்ன தெரியும் அவவுக்கு? உச்சி வெயிலில புடுங்கி, வேரை அறுத்து, ஒரு பாத்தியை நட்டு முடிச்சா. பின்னேரம் அஸர் தொழுதிட்டு வந்து பார்த்தா, அவ்வளவும் தலை தொங்கிக் கெடக்குது. புருசன்ட மையத்தைத் தூக்கேக்க சத்தம் போடாத றைஸா, ஜன்னல் கம்பியைப் புடிச்சிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதா.

அடுத்த நாள் காலையில அலவாங்கு குத்துற சத்தம் ரோட்டுப் பக்கமாக் கேட்டது. மர்ஷூதா எட்டிப் பார்த்தா. நெய்னார் தன்ட பக்கத்து வேலியை முடிச்சிட்டு, இப்ப றைஸாட காணியில, கடலுக்குப் போற ரோட்டோரமா, முள்ளுக்கம்பி வேலிக்குப் பக்கத்தில குழி தோண்டிக்கொண்டு நிக்கிறார். தோண்டின குழியில கட்டையும் நட்டாச்சு.

ஆ, இதுதானா விசயம்! கேக்க ஆம்புள இல்லாத காணியெண்டு கைய வச்சிட்டான் மனுசன். மர்ஷூதா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பாய்ஞ்சு போனா.

அவ பேசினதை எல்லாம் எழுத ஏலாது. மையத்து ஊட்டுக்கு முதல் ஆளா ஓடி வந்து சந்தூக்குக்குத் தோள் குடுத்தது இதுக்குத்தானா எண்டு கேட்டா. பள்ளி நிர்வாகத்தைக் கூட்டி, நாலு பேருக்கு முன்னால நிக்க வைக்கிறன் எண்டா. அனாதரவான பொம்புளட கண்ணீர் சும்மா விடாது எண்டா. கடலுக்குப் போன ரெண்டு பேர் சைக்கிளை நிப்பாட்டி வேடிக்கை பார்த்தாங்க.

நெய்னார் அலவாங்கைக் கீழ வச்சார். தொப்பியைக் கழட்டி முகத்தைத் துடைச்சார். சைக்கிள்காரரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவங்க போன பொறகுதான் பேசினார்.

"ரஸாக் நானாட்ட மாப்புக் கேக்க எத்தினையோ தரம் நினைச்ச நான் ராத்தா. வெக்கத்தில நாளைக்கு நாளைக்கு எண்டு விட்டுட்டன். இனி யார்ட்டப் போய்க் கேக்க?"

நெய்னார் அடுத்த குழியில இருந்த மண்ணைக் கையால அள்ளி வெளிய போட்டார்.

"அண்டைக்கு அவர் கேக்கேக்க அடைச்சிருந்தா, றைஸா மதினி இப்பிடி அறைக்குள்ள கெடந்து அழ வேண்டி வராது. ரோட்டால போற ஆம்புளையள் கண்ணிலயும் படாம, எங்கட ஊட்டாள்கள் கண்ணிலயும் படாம, அவ இறங்கி வந்து தன்ட கையால நடட்டும். இந்தப் பக்கமும் கிடுகு கட்டிட்டனெண்டா சரி, மழைக்கு முந்தி முடிஞ்சிரும்."

அவர் குனிஞ்சு அடுத்த கட்டையைத் தூக்கிக் குழியில வச்சார்.

"இத்தா மதினிக்குத்தானே ராத்தா. நாத்துக்கு இல்லையே."