எச்சில் கிண்ணம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவோரம் இருந்த கிருமிச் சோதனைக் கண்ணாடியில் தேவநாதன் மறுபடியும் உள்ளங்கையை அழுத்தினான். மறுபடியும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. கதவு அசையவில்லை.

“உங்க உடம்புல இருக்கிற கிருமி வேற, அவங்களோடது வேற சார். இப்ப இருக்கிற நிலைமையில புதுக் கிருமி எதையும் அவங்க தாங்க மாட்டாங்க,” என்றாள் நர்ஸ்.

“நான் அவ புருஷன்மா! இத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம்!”

ஒரே வீடுதான். ஆனால் தட்டும் தம்ளரும் அவனுக்குத் தனி. எச்சில் என்றாலே ஆகாது. பூங்கோதை ஆசையாய்க் கடித்துக் கொடுத்த மாம்பழத் துண்டைக்கூடக் குழாயில் கழுவித்தான் தின்பான்.

“அப்ப யாருமே அவளைப் பார்க்க முடியாதா?”

“நேத்து நசீமான்னு ஒருத்தங்க வந்தாங்க. பச்சை எரிஞ்சுது, விட்டோம். ஆபீஸ்ல ரெண்டு பேரும் தினம் ஒரே டப்பாவுலதான் சாப்பிடுவாங்களாம்.”

“பொழைச்சுடுவாளா சிஸ்டர்?”

நர்ஸ் கதவுக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.

உள்ளேயிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. அதில் பூங்கோதை இரண்டு வாய் குடித்துவிட்டு மிச்சம் வைத்த கஞ்சி. கல்யாணத்தன்று அவன் சாப்பிட்டு எழுந்த இலையில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டது அவனுக்கு நினைவு வந்தது. கிண்ணத்தைப் பறித்து, ஆறிப்போன கஞ்சியை மடமடவென்று குடித்தான். கரண்டியை நக்கினான். ஓடிப்போய்க் கண்ணாடியில் கையை வைத்தான்.

சிவப்பு.

“ஒரு வேளைக் கஞ்சியில வர்றதில்ல சார் அது.”

அவன் காதில் விழவில்லை. கிண்ணத்தின் அடியை விரலால் வழித்துக்கொண்டிருந்தான்.