வேகப் பலகையிடம் விசாரித்தார்கள்

தண்டவாளத்து வேகப் பலகைகளுக்குப் புத்தியும் பேச்சும் வந்தபிறகு, ரயில் டிரைவருக்குப் பெண் கொடுப்பவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதை விட்டுவிட்டார்கள். நேரே பலகையிடம்தான் போனார்கள்.

டிரைவர் தணிகாசலத்துக்கு இரண்டு வரன்கள் இப்படித்தான் கலைந்தன. "எண்பதுன்னு நிக்கிறேன், தொண்ணூறுல போவான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்" என்று ஆற்றுப்பாலத்துப் பலகை போட்டுக்கொடுத்துவிட்டது.

மூன்றாவது வரன் வந்ததும் தணிகாசலம் உஷாரானான். எல்லாப் பலகை முன்னாலும் இருபதில் ஊர்ந்து, "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டே போனான். பயணிகள் நடுவழியில் இறங்கி, டீ குடித்துவிட்டு, அதே பெட்டியில் ஏறிக்கொண்டார்கள்.

பெண்ணின் அப்பா சிங்காரவேலு ஸ்கூட்டரில் பாலத்துக்கு வந்தார். தணிகாசலம் ரயிலைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.

"பையன் எப்படிப்பா?"

"தங்கம் சார். மரியாதைன்னா அப்படியொரு மரியாதை."

தணிகாசலத்துக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆனா எண்பதுல போகலாம்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கேன், இருபதைத் தாண்டமாட்டேங்கிறான். உடம்புல என்ன கோளாறோ, பாவம்!"

சிங்காரவேலு ஸ்கூட்டரை முறுக்கினார். "மாமா, நில்லுங்க!" என்று கத்தியபடி தணிகாசலம் சாலையை ஒட்டிய தண்டவாளத்தில் ரயிலோடு துரத்தினான். கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டான். அப்போது அடுத்த பலகை கனிவாகக் குரல் கொடுத்தது:

"தம்பி, இங்க பத்துதான்."

தணிகாசலம் பிரேக்கைப் பிடித்தான்.