விரலை அறியாத கண்ணாடி

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கொட்டகையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அதிகாரி சிவகௌரி கணினியின் திரையைத் திருப்பி மடித்துச் சிலேட்டுப் போலப் படுக்க வைக்கிறாள். லயத்து வரிசை அறையை விட்டுக் குடிபோகப் போகிற தனி வீட்டுக்காக, கொழுந்து பறிக்கும் காத்தாயி அதில் கையெழுத்துப் போட வேண்டும். கறை ஏறிய பெருவிரலைக் கைநாட்டு வைத்த பழக்கத்தில் கண்ணாடிமேல் அழுத்துகிறாள். ஒன்றும் விழவில்லை. "இதுக்கு விரல் தெரியாதம்மா. இந்தப் பேனையைத்தான் தெரியும்," என்கிறாள் சிவகௌரி. பக்கத்தில் நிற்கும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பேனாவுக்குக் கையை நீட்டுகிறார். "ஒனக்கு எழுத வராதே. குடு, நான் போட்டுர்றேன்." "வீடு ஒங்க பேருலயாங்க வருது?" என்று கேட்டுவிட்டு, காத்தாயி முதுகுக் கூடையை இறக்கி மேசைமேல் வைக்கிறாள். கூடை மாறிவிடாமலிருக்க அதில் வெள்ளைப் பெயின்டில் அவள் பெயர் எழுதியிருக்கிறது. பேனாவை வாங்கி, அதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணாடியில் எழுத்தை இழுக்கிறாள். இத்தனை வருஷம் முதுகு சுமந்த எழுத்துகள் கைக்குப் புதிது. பேனா வழுக்குகிறது, கோடு அதன் முனைக்குச் சற்றுப் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது. தகரத்தில் மழை இரைகிறது. வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். அவள் நிமிரவில்லை. கணினிப் பலகையின் ஓரத்தில் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்குகிறது. "பற்றரி முடியப்போகுது, அம்மா," என்று சிவகௌரி அதை இழுக்கப் பார்க்கிறாள். காத்தாயியின் இடது கை பலகையை அமுக்கிப் பிடிக்கிறது. கடைசி எழுத்துக்குச் சுழி பாக்கி. "பொறுங்க மிஸ். எம்பேரு இன்னும் முடியல."