கழுகுக்குக் கிடைக்காத கோப்பு

“இந்த வாரமும் அந்த ஃபைல் என் பேர்லயே இருக்கட்டும் சார். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள் மாட்டு டாக்டர். அறையின் கடைசி மேஜையில் கழுகு உட்கார்ந்திருந்தது.

கழுகு என்பது அவளாக வைத்த பெயர். தங்க ஃபிரேம் கண்ணாடி, பளபளக்கும் ஷூ, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. பழைய ஓவியங்களை வாங்கி விற்கும் புரோக்கரைத் தவிர வேறு யார் இந்தக் கோலத்தில் ஆவணக் காப்பகத்துக்கு வரப்போகிறார்கள்?

கவுண்டர் அதிகாரி கோப்பின் மேல் அவள் பெயரெழுதிய அட்டையை மறுபடி செருகினார். ஒருவர் ஒரு கோப்பைத் தன் பெயரில் எடுத்துவைத்துவிட்டால், அவராக விடும்வரை அடுத்தவர் அதைத் தொட முடியாது. யார் எடுத்துவைத்திருக்கிறார் என்பதையும் சொல்ல மாட்டார்கள். அரசாங்கம் போட்ட சட்டங்களிலேயே உருப்படியான சட்டம் இதுதான் என்பது டாக்டரின் கட்சி.

“இந்நேரம் உங்களுக்கு மனப்பாடமே ஆயிருக்குமே டாக்டரம்மா” என்றார் அதிகாரி. “படத்தை யார் வீட்டுலேருந்து எடுத்தாங்கன்னுதான் இதுல இருக்கு. எங்க போச்சுன்னு இல்லையே. அப்புறம் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?”

“எனக்கு வேணும்னு வெச்சிருக்கல சார். இன்னொருத்தன் கைக்குப் போயிடக் கூடாதுன்னுதான்.”

போர் நடந்தபோது பட்டாளத்துக்காரர்கள் அவளுடைய அம்மா வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போன படம் அது. வாத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சின்னப் பெண். அந்தப் பெண் அம்மாதான், வரைந்தவர் தாத்தா. அவரும் அந்தப் போரிலேயே போய்விட்டார்.

இப்போது அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். முழுசாக இருட்டுவதற்குள் அப்பா கைபட்ட அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்கிறாள் அம்மா.

அதனால்தான் காலையில் மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு, மத்தியானம் முழுக்க இங்கே தூசியைத் தின்றுகொண்டிருந்தாள் டாக்டர். படம் யார் வீட்டிலாவது தொங்கினால் பேசியோ கெஞ்சியோ காலில் விழுந்தோ வாங்கிவிடலாம். அரசாங்கக் கிடங்குக்குள் போயிருந்தால் மட்டும் தொலைந்தது. அங்கே போன படங்கள், யாருக்குச் சொந்தம் என்ற கேஸ் முடிந்து வெளியே வருவதற்குள், கேட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

அதிகாரி தயங்கித் தயங்கிப் பேசினார். “இன்னொருத்தரும் இதே ஃபைலுக்காக நடையா நடக்கறார். ஒரு மணி நேரம் குடுத்தா போதுமாம். படம் எங்க போச்சுன்னெல்லாம் அவருக்கு வேண்டாமாம். வீட்டுக்காரங்க யாருன்னு ஒரே ஒரு பக்கம் பாக்கணுமாம்.”

“அதானே பாத்தேன். விலாசம் கெடச்சா நேரா எங்கம்மா முன்னாடி போய் நிப்பான். கண்ணு தெரியாதவங்ககிட்ட நைசாப் பேசி ஒரு கையெழுத்து வாங்கிட்டான்னா, படம் எங்க இருந்தாலும் அவனுக்குத்தான் சொந்தம். இவனுங்க பொழப்பே அதுதான் சார். முடியாதுன்னு சொல்லிடுங்க.”

“ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாமே டாக்டரம்மா.”

“வேண்டாம் சார்.”

முரட்டுக் காளையையே அசையவிடாமல் பிடிக்கிறவள் அவள். கோப்பையா விடுவாள்? அதிகாரி கடைசி மேஜைக்குப் போய் உதட்டைப் பிதுக்கினார். கழுகு தகராறு ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டது.

அடுத்த வாரம் அவள் வந்தபோது, கழுகு தன் வாசகர் அட்டையைக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. பைகளை வைக்கும் நடையில் அதை மடக்கிக்கொண்டாள்.

“என்ன சார், கடையைக் கட்டிட்டீங்களா?”

“ஆமாம்மா. இனிமே எனக்கு இங்க வேலை இல்ல.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை அவளால். “நீங்க கேட்ட ஃபைலை இத்தனை நாளும் புடிச்சு வெச்சிருந்தது நான்தான். அது எங்கம்மா படம். எந்தப் புரோக்கர் கையிலயும் அது சிக்காது.”

கழுகு அப்படியே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. “வாத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்குமே ஒரு கொழந்தை, அது உங்கம்மாவா? உயிரோட இருக்காங்களா?”

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோப்பில் படத்தின் நம்பர்தான் உண்டு. வாத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

“உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

“நான் புரோக்கர் இல்லம்மா. எங்கப்பா அந்தப் பட்டாளத்துல இருந்தவர். அவர் எடுத்துட்டு வந்த படம் எங்க வீட்டு ஹால்லதான் தொங்குச்சு. சாகறப்போ, உரியவங்ககிட்ட எப்படியாவது சேத்துடுடான்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதார். படத்துக்குப் பின்னாடி ஒரு நம்பரைத் தவிர ஒண்ணும் இல்ல. அது யார் வீட்டுப் படம்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ஃபைலைக் கேட்டுக் கேட்டு அலைஞ்சேன்.”

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட நூறு மடங்கு சந்தோஷமாக இருந்தது. அந்தப் பெரியவரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னை மன்னிச்சிடுங்க சார். இப்பவே அம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரேன். ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும் அவங்களுக்கு.”

பெரியவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“ஃபைலும் கெடைக்கல, இனிமே சொந்தக்காரங்களைக் கண்டுபுடிக்க வழியே இல்லன்னு, நேத்துதாம்மா அதை அரசாங்கக் கிடங்குல ஒப்படைச்சேன்.”