பன்னிரண்டு விநாடி

"ஷாமிலா அக்கா கொழும்புல இருந்து நேரா என்கூடத்தான் பேசும் மாமா. என் குரலைக் கேட்டாத்தான் அதுக்குப் பொழுதே விடியும்."

கிஷாந்த் அளந்ததை வீரய்யா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மகள் நாகலெட்சுமிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை எப்படி வேலை செய்கிறான் என்று பார்க்க, அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் ஏறி ஹட்டனிலுள்ள அந்தச் சின்ன வானொலி நிலையத்துக்கு வந்திருந்தார். பெண்ணுக்குக் கொழும்பில் ஏதோ கம்பனி வேலை என்று மட்டும் தரகர் சொல்லியிருந்தார். கொழும்புக்காரிக்கு உள்ளூர் அறிவிப்பாளன் இளப்பமாகத் தெரிந்து, சம்பந்தம் தட்டிப்போய்விடுமோ என்பதுதான் கிஷாந்தின் பயம்.

உண்மையில் ஷாமிலாவை அவன் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை. அவள் யோசனை சொல்லும் நிகழ்ச்சி கொழும்பில் ஒரே தடவை பதிவாகி, இணையம் வழியாக ஏழு ஊர் நிலையங்களுக்குப் போகும். எந்த ஊரின் பெயரும் அதில் வராது. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் பன்னிரண்டு விநாடி மௌனம் இருக்கும். கூடவே தாளுக்கு ஒன்றாக வரும் கேள்வியை அதற்குள் உள்ளூர் அறிவிப்பாளர் வாசித்துவிட வேண்டும். கேட்பவர்களுக்கு இருவரும் நேரில் பேசிக்கொள்வது போலவே இருக்கும். ஏழு ஊர்க்காரர்களும் அவளைத் தங்கள் ஊர்ச் சொத்து என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மாமனார் பார்க்கிறார் என்ற படபடப்பில் இரண்டு தாள்கள் சேர்ந்து புரண்டதைக் கிஷாந்த் கவனிக்கவில்லை.

"அக்கா, வீட்டுக் கூரை ஒழுகுது. என்ன செய்யலாம்?"

"வெதுவெதுப்பான தண்ணியில உப்புப் போட்டு, காலையும் மாலையும் வாய் கொப்பளிங்க தம்பி. ரெண்டே நாள்ல நின்னுரும்."

கிஷாந்த் அவசரமாக ஒரு பாட்டைப் போட்டான். வெளியே மூடுபனி, அவனுக்கோ கம்பளிச் சட்டைக்குள் வியர்த்துக் கொட்டியது. இனி மறைத்துப் பயனில்லை என்று மௌனம், தாள், ஏழு ஊர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தான்.

"பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க மாமா. மானம் போயிரும்."

வீரய்யா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சொல்லாம முடியுங்களா? ஷாமிலாங்கிறது நம்ம நாகலெட்சுமி ரேடியோவுக்காக வச்சுக்கிட்ட பேருங்க. கட்டிக்கப்போறவரத் தம்பின்னு கூப்புடலாமான்னு மொதல்ல அவளத்தான் கேக்கணும்."